அழைப்பெழுத்தும் அழைக்கும் பெயரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சிவகாசித் தீப்பெட்டியின் மேல் ஒரு காலத்தில் இரண்டு தாள்கள் ஒட்டப்பெற்றன. ஒன்று அரசினுடையது, மற்றொன்று ஆலை முதலாளியினுடையது. 1934ஆம் ஆண்டின் தீப்பெட்டி ஆயத்தீர்வைச் சட்டப்படி, வரி செலுத்தியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் ஒட்டப்பெற்ற சிறு சீட்டுக்குப் ‘பாண்டரோல்’ என்று பெயர். அது இன்றிப் பெட்டி ஆலையை விட்டு வெளியே வர இயலாது. மற்றொன்று, அணிலோ சேவலோ மயிலோ அச்சிட்ட வண்ண லேபில். கடைக்கு வந்த பெரியவர் எவரும் பாண்டரோலைப் பார்த்துத் தீப்பெட்டி வாங்கியதில்லை. ‘அணில் மார்க் கொடு’ என்றே கேட்டார். எழுத்தறியாதவரும் படத்தை அறிந்திருந்தார். பின்னாளில் பாண்டரோல் முறை நீங்கிற்று. அதற்காக வருந்தியவர் இலர். ஒரு லேபிலின் படத்தை மாற்றியிருந்தால் ஊருக்கு ஊர் கேள்வி எழுந்திருக்கும்.

வானொலி நிலையங்களுக்கும் இவ்வாறே இரண்டு அடையாளங்கள் உண்டு. அரசு வழங்குவது அழைப்பெழுத்து. நிலையம் தனக்குச் சூட்டிக்கொள்வது பெயர். அழைப்பெழுத்து இன்றும் நேயர்க்குப் பொருள் உடையதா, நிலையத்தின் முகமாக நிற்க வல்லதா என்பது அமெரிக்காவில் நெடுநாளாக நடந்துவரும் விவாதம். தமிழ்நாட்டில் அவ்வினாவை எழுப்பினால், ‘அப்படியோர் எழுத்து இருந்ததா?’ என்ற எதிர்வினாவே விடையாக வரும். அவ்விடை ஏன் வருகிறது என்று ஆராய்வது பயனுடையது. ஏனெனில், எழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத இதே மக்கள், பெயரைப் பற்றிப் பெரும் போராட்டங்கள் நடத்தியவர்கள்.

முதலில் எழுத்தின் வரலாறு. கடலில் செல்லும் கப்பலும் கரையிலுள்ள கம்பியில்லாத் தந்தி நிலையமும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்காக ஏற்பட்டவை இக்குறிகள். நாடுகள் கூடி எழுத்துகளைப் பங்கிட்டுக்கொண்டன. 1927ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாட்டில் ‘வி டி’ முதல் ‘வி டபிள்யூ’ வரையிலான வரிசை பிரிட்டிஷ் இந்தியாவின் பங்காயிற்று. விமானங்களின் வாலில் ‘வி டி’ எழுதப்படுவது அதனால்தான். அதனை ‘வைஸ்ராயின் எல்லை’ என்று விரித்துச் சினங்கொள்வோர் உளர். வரிசைப்படி வந்த எழுத்துக்குப் பின்னர் ஏற்றிய பொருளே அது. ஒலிபரப்பு நிலையங்கள் ‘வி யு’ என்று தொடங்கின. மூன்றாம் எழுத்து ஊரைக் குறித்தது. பம்பாய் ‘வி யு பி’, கல்கத்தா ‘வி யு சி’, டில்லி ‘வி யு டி’, சென்னை ‘வி யு எம்’. திருச்சிராப்பள்ளிக்கும் ‘டி’தான், ஆயின் அது ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்து, டில்லியினுடையது நான்காம் எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இவ்வெழுத்துகள் தமிழ்க் காதுக்கு எவ்வளவு அயலானவை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. லாகூர் ‘எல்’லை முன்னரே எடுத்துக்கொண்டமையால் லக்னோவுக்கு ‘டபிள்யூ’ கிடைத்தது. டாக்காவுக்கு ‘ஒய்’.

இவை நிகழ்ச்சி நிரல் ஏடுகளில் அச்சாயின. பொறியாளர் ஏட்டில் பதிவாயின. நேயர் நாவில் ஏறவில்லை. 1996இல் மதராஸ் என்ற பெயர் நீங்கிச் சென்னை என்பதே எங்கும் நிலைபெற்றபோது, ‘வி யு எம்’மின் இறுதியிலிருந்த மதராஸைப் பற்றிய பேச்சே எழவில்லை. மறந்த வீட்டுக்குப் பூட்டு மாற்றுவார் இலர்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ‘டபிள்யூ’, மேற்கே ‘கே’ என்பது பொது நெறி. பிட்ஸ்பர்க் நகரில் 1920 நவம்பர் 2ஆம் நாள் தேர்தல் முடிவை ஒலிபரப்பிய ‘கே டி கே ஏ’ அந்நெறிக்கு முந்தியது. அதன் எழுத்துகளுக்குப் பொருள் ஏதுமில்லை. பட்டியலில் வந்த முறைப்படி கிடைத்தவை. பின்வந்தோர் எழுத்துகளைக் கேட்டுப் பெற்றனர். சிக்காகோவில் சியர்ஸ் நிறுவனம் தன் நிலையத்திற்கு ‘டபிள்யூ எல் எஸ்’ எனப் பெற்று, ‘உலகின் மிகப் பெரிய கடை’ என்பதன் முதலெழுத்துகள் அவை என்றது. அதே நகரின் ‘டிரிப்யூன்’ நாளிதழ், ‘உலகின் தலைசிறந்த செய்தித்தாள்’ என்பதைச் சுருக்கி ‘டபிள்யூ ஜி என்’ என்றது. நாஷ்வில் நகரில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ‘இலட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்’ என்ற தன் விளம்பர வாசகத்தை ‘டபிள்யூ எஸ் எம்’ ஆக்கிக்கொண்டது. பாண்டரோலையே லேபில் ஆக்கிய திறம் இது எனலாம்.

சென்னையோடு உறவுடைய சான்றும் ஒன்று உண்டு. 1926இல் சிட்னி நகரில் பிரம்மஞான சங்கத்தார் தொடங்கிய நிலையம் ‘2 ஜி பி’. இரண்டு என்பது நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் எண். ‘ஜி பி’ என்பது, கொள்கைக்காக 1600ஆம் ஆண்டு ரோமில் எரிக்கப்பட்ட ஜியோர்டானோ புரூனோ. சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சங்கம், தான் போற்றிய ஒரு ஞானியை ஈரெழுத்தில் அடக்கிவைத்தது. அந்நிலையம் பின்னர் வேறு கைகளுக்கு மாறியது; எழுத்துகள் மாறவில்லை.

அமெரிக்காவில் எழுத்து முகமானதற்குச் சட்டமே முதற்காரணம். ஒவ்வொரு மணி நேரமும் நிலையம் தன் அழைப்பெழுத்தையும், அதனை அடுத்து உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் கூறியே தீர வேண்டும். நாடோறும் பன்முறை சொல்லப்பட்ட எழுத்து மந்திரம்போல் பதிந்தது. மற்றொரு காரணம் போட்டி. ஒரே நகரில் பல நிலையங்கள் இருந்தமையால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியக் குறி வேண்டியிருந்தது. இந்தியாவில் நெடுங்காலம் ஒலிபரப்பிய கை ஒன்றே. போட்டியற்ற இடத்தில் மார்க் எதற்கு?

அந்த ஒரு கைக்குப் பெயர் வந்த கதை சுவையுடையது. 1930 முதல் அரசு நடத்திய ஒலிபரப்புக்கு ‘இந்திய அரசு ஒலிபரப்புப் பணி’ என்பது பெயர். 1935இல் இலண்டனிலிருந்து தலைவராக வந்த லயனல் ஃபீல்டனுக்கு அப்பெயர் கசந்தது. செயலகம் இசையவில்லை. அவர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் சென்று, நல்ல பெயர் அகப்படாமல் இடர்ப்படுவதுபோல் நடித்து, ‘ஆல் இந்தியா’ என்பதையும் ‘ரேடியோ’ என்பதையும் வைஸ்ராயின் வாயிலிருந்தே வரவழைத்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெயரைக் கண்டவர் தாமே என்று வைஸ்ராய் மகிழ்ந்தாராம். 1936 ஜூன் 8ஆம் நாள் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அதன் முதலெழுத்துகள் கூடி ஆங்கிலத்தில் ‘காற்று’ என்ற பொருளைத் தரும். ஃபீல்டன் விரும்பியது அதனைத்தான். ஆயின் அந்நயம் ஆங்கிலம் அறிந்தார்க்கு மட்டுமே. சாத்தூர்ச் சந்தையில் வானொலி கேட்டவர்க்கு ஏ, ஐ, ஆர் மூன்றும் மூன்று ஒலிகள், அவ்வளவே.

தமிழ் நேயர் தமக்கென ஒரு சொல்லைப் பெற்றிருந்தனர்: வானொலி. கருவிக்கும் அதுவே பெயர், நிலையத்துக்கும் அதுவே பெயர், அகில இந்திய வானொலி தமிழில் வெளியிட்ட நிகழ்ச்சி இதழுக்கும் அதுவே பெயர். 1938 ஜூன் 16இல் சென்னையும் 1939 மே 16இல் திருச்சிராப்பள்ளியும் தொடங்கிய பின்னர், அச்சொல்லோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ‘திருச்சி வானொலி’, ‘சென்னை வானொலி’, 1963 முதல் ‘நெல்லை வானொலி’. இவற்றுள் ஊரே அழைப்பெழுத்து. விருதுநகர் வட்டாரத்துக்கு அவ்வூர்ப்பெயர் எப்போதும் அயலூராகவே அமைந்தது. நெல்லையும் திருச்சியும், பின்னர் மதுரையும், மலைமேலிருந்து ஒலித்த கோடைப் பண்பலையும் சேர்ந்தே இவ்வட்டாரத்தின் காதை நிரப்பின.

கடலுக்கு அப்பாலிருந்தும் ஓர் ஊர் வந்தது. ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்பதைவிட நீண்ட பெயரை எந்த விளம்பர வல்லுநரும் பரிந்துரையார். ‘ரேடியோ சிலோன்’ என்று எளிதாக இருந்ததை 1967இல் அவ்வாறு நீட்டினார்கள். கூட்டுத்தாபனம் என்ற சொல் தமிழ்நாட்டில் வழங்காதது. பொருள் விளங்காதார் பலர். ஆயினும் தென் மாவட்டங்களில் அப்பெயரை முழுமையாகச் சொல்லத் தெரியாத சிறுவர் அரியர். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் அதனைச் சொன்ன முறையே காரணம். பெயரின் குறுமையோ நெடுமையோ அன்று, அதனைச் சொன்ன குரலே நின்றது. டில்லித் தமிழ்ச் செய்திக்கும் இஃது ஒக்கும். ‘செய்திகள் வாசிப்பது’ என்ற இரு சொற்களுக்குப் பின் வந்த சரோஜ் நாராயணசுவாமி என்ற பெயர் ஒரு நிலையத்தின் பெயரளவுக்கு உரம் பெற்றது. 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது தமிழர் நினைவுகூர்ந்தது அலைவரிசையை அன்று.

குரலுக்கும் முன்னே ஓர் இசை இருந்தது. காலையில் நிலையம் வாய்திறக்குமுன் ஒலித்த அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவர், ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்குப் புகலிடம் தேடி வந்த யூத இசைஞர் வால்டர் காஃப்மன் என்பர். எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை, எம்மொழியாரும் உணர்ந்துகொண்டனர். சிவகாசிச் சுற்றூர்களில் விடியலுக்கு முன்பே எழுந்து தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு அவ்விசை கடிகாரம். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் வானொலிப் பெட்டி புகாது. தீப்பெட்டி வேலை வீட்டுத் திண்ணையில் நடந்தமையால் அங்கே வானொலிக்கு இடமிருந்தது. கை பசையிலும் தாளிலும் இருக்கும், காதுக்கு ஓய்வு. லேபில் கண்ணுக்குச் செய்ததை அவ்விசை காதுக்குச் செய்தது: எழுத்தறியாமலே இனம்காணச் செய்தது.

எழுத்தே உயிராக வாழும் ஒரு கூட்டமும் இந்நாட்டில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பொழுதுபோக்கு வானொலியாளர் எனப்படும் அவர்கள் ‘வி யு 2’, ‘வி யு 3’ எனத் தொடங்கும் குறிகளால் ஒருவரையொருவர் அழைப்பவர். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் குறி ‘வி யு 2 ஆர் ஜி’. அங்கே குறியே பெயர், குறியே முகவரி. பேசுவோரும் கேட்போரும் ஒரே கூட்டத்தார் ஆதலின் அது செல்லும்.

இதற்கு நேர்மாறான ஒன்று 1942இல் நடந்தது. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் மறைவாக நடத்திய காங்கிரஸ் ரேடியோவுக்கு எவர் எழுத்து வழங்குவர்? ஊரையும் சொல்ல இயலாது. எனவே, 42.34 மீட்டரில், இந்தியாவின் ஏதோ ஓரிடத்திலிருந்து பேசுவதாக அது தன்னை அறிவித்துக்கொண்டது. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, இடம் மாற்றி இடம் மாற்றி ஒலித்தது. எழுத்தும் ஊரும் இல்லாத அந்நிலையத்துக்குப் பெயர் ஒன்றே இருந்தது. கேட்டவர்க்கு அது போதுமாயிருந்தது.

பெயரின் வலிமையைப் பற்றி விருதுநகரில் பேசும்போது ஒருவரை நினையாமல் மேலே செல்லுதல் இயலாது. 1956 ஜூலை 27இல் தியாகி சங்கரலிங்கனார் இவ்வூரில் உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை ராஜ்யத்துக்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளுள் தலையாயது. தேசபந்து மைதானத்தில் நாள்கள் எண்ணப்பட்டன. எழுபத்தாறு நாள் நோன்புக்குப்பின் அக்டோபரில் அவர் உயிர் நீத்தார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற, 1969 ஜனவரி 14இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. ‘பெயரில் என்ன இருக்கிறது’ என்று கேட்போர்க்கு இவ்வூர் மண் விடை சொல்லும். இவ்வூரும் 1923இல் விருதுபட்டி என்ற பெயரை விடுத்து விருதுநகர் ஆனது. மாவட்டமோ 1985இல் காமராசர் பெயரால் பிறந்து, 1997இல் ஊர்ப்பெயருக்கு மாறியது.

இப்பின்னணியில்தான் ‘ஆகாசவாணி’ பற்றிய வழக்கைக் காண வேண்டும். அச்சொல் டில்லியில் பிறந்தது எனப் பலர் கருதுவர், அது சரியன்று. மைசூரில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935இல் தம் முயற்சியால் நடத்திய நிலையத்துக்கு இட்ட பெயர் அது. 1950களில் நடுவண் அரசு அதனை எடுத்துக்கொண்டது. கன்னடர்க்கு அது வீட்டுச் சொல். தமிழர் எதிர்த்தது சொல்லின் அழகையன்று. வானொலி என்று தாம் அழைத்துப் பழகிய ஒன்றுக்கு வேறோரிடத்திலிருந்து பெயர் வருவதையே எதிர்த்தனர். 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டம் ‘ஆகாசவாணி’ என்பதையே சட்டப்பெயராக எழுதிவைத்தது. அதனைக் காட்டி, ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்பதைக் கைவிட்டு ‘ஆகாசவாணி’ என்றே எங்கும் வழங்குக என 2023 மே மாதம் ஆணை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கண்டனக் குரல்கள் எழுந்தன.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. தமிழ்நாடு அன்று காக்க முனைந்தது ஓர் ஆங்கிலப் பெயரை. ஓர் ஆங்கிலேயர் ஒரு வைஸ்ராயை மயக்கிப் பெற்ற பெயரை. கண்டனத்தின் நியாயத்தை இது குறைக்காது. ஆயினும் ‘வானொலி’யைக் காப்பதே பெரிதாயிருக்க, ‘ரேடியோ’வுக்காக வழக்காடும் நிலைக்கு வந்தது ஏன் என்று தமிழர் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் தகும். வானொலி என்ற சொல் எவர் ஆணையாலும் வந்ததன்று; எனவே எவர் ஆணையாலும் போகாது. ஆனால் சொல்வார் இன்றிப் போகக்கூடும்.

தனியார் பண்பலைகள் வந்தபின் அந்நிலை அண்மித்துவிட்டது. சூரியன் 93.5, ஹலோ 106.4 என்பன மதுரையிலும் அவ்வாறே, நெல்லையிலும் அவ்வாறே. பெயர் ஒன்று, எண் ஒன்று, ஊர் இல்லை. அமெரிக்கச் சட்டம் எழுத்தை அடுத்து ஊரைச் சொல்லச் சொன்னது. இங்கே எழுத்தும் இல்லை, ஊரும் இல்லை. எண்ணே அழைப்பெழுத்தாயிற்று. கைப்பேசியில் பெயரைத் தொட்டுக் கேட்பார்க்கு அவ்வெண்ணும் மெல்லப் பொருளிழக்கிறது. மதுரையில் 98.3இல் ஒலிப்பது ‘மிர்ச்சி’. அது மிளகாய்க்கு இந்திச் சொல். மிளகாய் வற்றலுக்குப் பேர்போன விருதுநகர்க் கடைத்தெருவில் ஒருவர் ‘மிர்ச்சி’ என்றால் வானொலியைச் சொல்கிறார், ‘வத்தல்’ என்றால் மூட்டையைச் சொல்கிறார். இரண்டும் ஒரே பொருள் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. வணிகத்தில் இது பெரும் வெற்றி. பொருளை மறந்தாலும் மார்க் நிற்கிறதே! ஆயினும் நெல்லை வானொலி என்றபோது நேயர் கேட்ட தாமிரபரணிக்கரைத் தமிழ், எல்லா ஊருக்கும் பொதுவான விரைவுத் தமிழில் கரைந்துவிட்டது. ஊர்ப்பெயர் போனால் ஊர்வழக்கும் உடன்போகிறது என்பதைக் கவிஞர்கள் மற்றவரினும் முன்னரே அறிவர்.

கவிஞர்க்கு இவ்வழக்கு புதிதன்று. இம்மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள் திருப்பாவையின் இறுதிப் பாட்டில் ஊரையும் தந்தையையும் தன் பெயரையும் ஒருங்கே வைத்தாள். எங்கிருந்து, எவர் வழியில், எவர் குரல் என்னும் மூன்றும் அங்கே உண்டு. முப்பது பாட்டுக்கும் ஒருமுறை கூறும் நிலைய அறிவிப்பு எனலாம். அதற்கு எவரும் எழுத்து வழங்கவில்லை. மார்கழி விடியலில் ஒலிபெருக்கி அதனை ஊருக்குச் சொல்கிறது. வானொலியும் பல ஆண்டுகள் சொல்லியது.

சங்கப் புலவர் பலர் ஊரை முன்னும் பெயரைப் பின்னுமாகக் கொண்டனர். மதுரை, உறையூர், காவிரிப்பூம்பட்டினம் என்று அவர்கள் பெயரிலேயே வரைபடம் ஒன்று கிடைக்கும். வேறு சிலருக்கு ஊரும் போயிற்று, பெயரும் போயிற்று. தொகுத்தவர்கள் பாட்டுக்குள் தேடி, அவர்கள் சொன்ன ஓர் உவமையை எடுத்து அதனையே பெயராக இட்டனர். செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். குறுந்தொகையில் அவர் பாட்டு ஒன்றே ஒன்று. எந்த ஊரார் என்று எவரும் அறியார். சிவந்த நிலத்தில் மழை விழும் நாளில் தமிழறிந்தார் அவரைத்தான் நினைக்கின்றனர்.